குடிக்கத் தக்க வேர்வை

கூண்டுக்குள் நாற்பத்தாறு டிகிரி. இதுதான் எதிர்காலமாம். இன்னும் ஐம்பது வருடம் கழித்துச் சென்னையில் ஒரு சாதாரண மத்தியானம் இப்படித்தான் இருக்கும் என்று வாசல் பலகையில் நிரஞ்சன் எழுதி வைத்திருந்தான், என்னவோ இப்போது மட்டும் ஊர் ஊட்டியாக இருப்பது போல. போன சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுத்தவனைக் கேட்டால் தெரியும், எதிர்காலம் எப்போதோ வந்து பாய் விரித்துப் படுத்துவிட்டது. இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது. கண்ணாடிக் கூண்டுக்குள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிற அவள் இந்தக் கண்காட்சியைப் பொறுத்தவரை ஆள் இல்லை, உடம்பு. உடம்பு பேசாது, சிரிக்காது, தெரிந்தவரைப் பார்த்தால் தலையாட்டாது, வேர்க்க மட்டும் வேர்க்கும், இது நிரஞ்சன் போட்ட சட்டம். வேர்த்தது. காதுக்குப் பின்னால், மார்புக்கு நடுவில், முழங்கால் மடிப்பில். கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒட்டிக்கிடந்த சாம்பல் நிற உடுப்பு அந்த வேர்வையை உறிஞ்சி ஆவியாக்கி, முதுகிலிருக்கும் குளிர்ந்த தகட்டில் மறுபடியும் நீராக்கி, ஒரு சவ்வின் வழியே வடித்து, இடுப்பில் தொங்கிய கண்ணாடிக் குப்பிக்குள் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து எழுந்தால் அரை டம்ளர் தேறும். கடைசியில் அவள் வெளியே வந்து எல்லோரும் பார்க்கத் தன் வேர்வையைத் தானே குடிப்பாள், கை தட்டுவார்கள், ஒன்றிரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், பிறகு எல்லோரும் எதிரேயிருக்கும் கடையில் ஐஸ் போட்ட காப்பி குடிக்கப் போவார்கள். நெஞ்சில் ஒட்டியிருந்த சின்ன மைக் அவளுடைய இதயத் துடிப்பை வெளியே கூடத்தில் தடதடவென்று கேட்கவைத்தது. வெளியே பேசுவதும் கூண்டுக்குள் அவளுக்குக் கேட்கும். அதுதான் தப்பாகப் போயிற்று, காதையும் அடைத்திருக்க வேண்டும்.

வெளியே நிரஞ்சன் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேச வரும், அவளுக்குச் செய்ய வரும், இப்படித்தான் ஏழு வருடமாகக் கூட்டாளிகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இசா என்கிறான் அவளை, இது எங்கள் இசாவின் உடம்பு என்கிறான், இசக்கியம்மாள் என்று சொல்ல நாக்கு சுளுக்கிக்கொள்ளும் போலிருக்கிறது. டிசைன் கல்லூரியில் முதல் வாரமே பேரை வெட்டிக் கொடுத்துவிட்டார்கள், அவளும் வாங்கி மாட்டிக்கொண்டாள், அதற்கு இப்போது யாரைக் கோபித்து என்ன. இல்லாத பொருட்களைச் செய்வது அவர்கள் தொழில். வரப்போகிற காலத்தில் இருக்கக்கூடிய ஒரு பொருளை இன்றைக்கே செய்து வைத்து, இப்படியும் ஒன்று வரலாம் ஐயா, வரவேண்டுமா என்று பார்க்கிறவர்களைக் கேட்பது. கேள்வி கேட்கிற பொருள், விற்கிற பொருள் இல்லை. ஆனால் அவர்கள் பட்டறையில் ஒரு பிடிவாதம் உண்டு, அதை நிரஞ்சனும் அவளும் சேர்ந்துதான் வளர்த்தார்கள்: செய்கிற பொருள் நிஜமாக வேலை செய்ய வேண்டும். அட்டையில் வெட்டி ஒட்டி வைத்தால் எவனும் பயப்பட மாட்டான், நிஜமாகச் சொட்டினால்தான் வயிற்றைக் கலக்கும். அதற்காக எட்டு மாதம் மாரடித்தாள். முதல் உடுப்பில் தோல் வெந்தது. இரண்டாவதில் வந்த தண்ணீர் பழைய சாக்ஸ் நாற்றம் நாறியது, நிரஞ்சன் ஒரு வாய் வைத்துவிட்டு வாசல் வரை ஓடினான். சவ்வின் பக்குவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிபட்டது, எதை எவ்வளவு கலந்தாள் என்பது இன்றுவரை அவள் கைக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு அவள் ஆடினாள், உண்மையாகவே, பட்டறைக்கு நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு ஆடினாள். இப்போது நினைத்தால் அந்தக் கையை உடைக்கலாம் போலிருக்கிறது. யாரோ ஒரு பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எவ்வளவு அழகு என்றாள். அழகாம். எருமைக்கு மூக்கணாங்கயிறு அழகு என்று சொல்கிற மாதிரி.

இது எப்படி ஆரம்பித்தது என்று இவர்களுக்கு என்ன தெரியும். பலகையில் பருவநிலை என்றும் நீர்ப்பற்றாக்குறை என்றும் போட்டிருக்கிறது, பேச்சி அக்கா என்று போடவில்லை. அக்கா தி.நகரில் துணிக்கடையில் நிற்கிறாள், பத்தொன்பது வயதில் சாத்தான்குளத்திலிருந்து ரயிலேறி வந்ததிலிருந்து நின்றுகொண்டேயிருக்கிறாள், இவளைப் படிக்க வைத்ததும் அந்த நிற்பில்தான். மூன்றாவது மாடி, பட்டுப் புடவைப் பிரிவு. அந்த மாடிக்கு ஒரே ஒரு மரக்கட்டை உண்டு, மேற்பார்வையாளர் மேஜையில் இருக்கும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனால்தான் கக்கூசுக்குப் போகலாம். ஒருத்தி எடுத்துப் போனால் அவள் திரும்பும் வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். விசேஷ நாட்களில் கட்டை மேஜைக்கு உள்ளே போய்விடும். ஆகவே அந்தப் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நனைச்சுக்கிடுவோம் என்பாள் அக்கா, குடிப்போம் என்று சொல்ல மாட்டாள்: பதினோரு மணிக்கு ஒரு மடக்கை வாயில் வைத்துக் கன்னத்துக்குள் உருட்டிப் பாதியைத் துப்பிவிடுவது. புதிதாக வருகிற பெண்களுக்கு அக்கா இதைத்தான் முதலில் சொல்லித் தருவாளாம், புடவை மடிப்பதற்கும் முன்னால். இரண்டு வருடத்துக்கு முன்னால் முதுகைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். ஒரு சிறுநீரகம் சுருங்கிவிட்டது, இன்னொன்றை வைத்துக் காலம் தள்ள வேண்டும், தினம் மூன்று லிட்டர் குடிக்கணும்மா என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னபோது அக்கா சிரித்தாள், எங்க கடையில மூணு மடக்குக்கே ஆள விட மாட்டாவ டாக்டரம்மா என்று வேடிக்கையாகச் சொன்னாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு இசக்கியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தாள், அப்படியென்றால் ஒன்று செய்வோம், தண்ணீரே கொடுக்காதீர்கள், அவளுடைய வேர்வையை அவளுக்கே வடித்துக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கும் செலவில்லை. அது வசவு. ஒரு முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டிய வசவு. சொல்லத் தைரியமில்லாமல் அதை உடுப்பாகத் தைத்தாள், எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு வசவைத் தையல் பிரியாமல் தைத்தாள், அதைப் போய் அழகு என்கிறார்கள்.

இப்போது வைத்தீஸ்வரன் கூண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். போன வாரத்திலிருந்து வருகிறார். பார்சல் நிறுவனம் ஒன்றில் தொழிலாளர் நலப் பிரிவுக்குத் தலைவர், மாநிலம் முழுக்கக் கிடங்குகள், பொட்டலம் கட்டுகிறவர்களும் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களுமாகப் பல்லாயிரம் பேர். நல்ல மனிதர், அதுதான் ஆத்திரமாக வருகிறது. கெட்டவனாக இருந்தால் வெறுப்பதற்கு வசதியாக இருக்கும். நெற்றியில் கீற்றாகத் திருநீறு, மெதுவான குரல், கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் தன் விரல் தடத்தைத் துடைக்கிறவர். நம்ம பசங்க வெயில்ல ரொம்பக் கஷ்டப்படறாங்க நிரஞ்சன் என்கிறார். ஒரு ஷிஃப்ட் முழுக்கத் தாங்குமா என்று கேட்டார், தாங்கும் என்றான் நிரஞ்சன். துவைக்கலாமா, துவைக்கலாம். பெண்களுக்குத் தனி அளவு வருமா, வரும். பிறகு குரலை இன்னும் தணித்துக்கொண்டு, சங்கடமான ஒன்றைக் கேட்கிறவர் மாதிரி கேட்டார். "இதைப் போட்டுண்டா பாத்ரூம் போறது குறையுமா?" நிரஞ்சன் ஒரு நொடி கூண்டுப் பக்கம் பார்த்தான், பார்த்துவிட்டுக் குறையும்னுதான் சார் நினைக்கிறேன் என்றான். கூடத்து ஒலிபெருக்கியில் அவள் இதயம் பாய்ந்தது. யாரோ திரும்பிப் பார்த்து அட என்றார்கள். வெப்பம் ஏறுகிறது பாருங்கள், உடம்பு போராடுகிறது என்று நிரஞ்சன் விளக்கம் சொன்னான். போராடுகிறதாம். அவள் அப்படியே எழுந்து கண்ணாடியை உதைத்திருக்க வேண்டும், ஆனால் உடம்பு பேசாது, உடம்பு உதைக்காது, உடம்பு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. குறையுமா. குறையும். கணக்காகத்தான் கேட்டிருக்கிறார் மனிதர். அந்த ஒரு கேள்வியிலேயே உடுப்பு எதற்கு என்பது முழுக்க வந்துவிட்டது, அவளும் நிரஞ்சனும் பலகை பலகையாக எழுதியும் வராதது.

போன வாரம் நிரஞ்சன் பட்டறையில் டீ போட்டுக் கொடுத்து விஷயத்தைச் சொன்னான். அவன் டீ போட்டுக் கொடுத்தாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். வைத்தீஸ்வரனின் நிறுவனத்துக்கு முதலில் ஐந்நூறு உடுப்பு, பிடித்துப்போனால் எல்லாக் கிடங்குக்கும். நாம செய்யலைன்னா வேற எவனாவது செய்வான் இசா, நாம செஞ்சா கொஞ்சம் மனிதாபிமானத்தோட செய்யலாம் இல்லியா என்றான், மனிதாபிமானம் என்பது உள்ளே வைத்துத் தைக்கிற பஞ்சு போல. கண்காட்சி முடிகிற அன்றைக்குள் உன் முடிவைச் சொல்லு என்றான். பார்க்கலாம் என்றாள் அவள். பார்க்கலாமாம். காறித் துப்பியிருக்க வேண்டிய இடத்தில் பார்க்கலாம் என்று சொன்ன வாயை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. இன்றைக்குத்தான் கடைசி நாள், இதுதான் கடைசிக் காட்சி. முடியாது என்று சொல்லலாம், சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கப் போனால் நினைப்பு அந்த இடத்திலேயே செக்குமாடாகச் சுற்றுகிறது. வைத்தீஸ்வரன் நேற்றே நாசூக்காகச் சொல்லிவிட்டார், ஐடியா இப்போ எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு, உங்களோட சேர்ந்து பண்றதுதான் மரியாதைன்னு நினைக்கிறோம் என்று. மரியாதை இல்லாமலும் பண்ணலாம் என்றுதானே அர்த்தம். வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டார்கள். வேலை செய்யும் என்று தெரிந்துவிட்டால் ஒரு லேபில் கொடுத்து நாலு மாதத்தில் சவ்வைப் பிரித்துப் பார்த்துவிடுவார்கள், பணத்துக்கா பஞ்சம். அப்புறம் ஒவ்வொரு கிடங்கிலும் தண்ணீர்க் கேன் இருந்த மூலையில் இன்னொரு அலமாரி வரும். தண்ணீர் எங்கே என்று கேட்கிறவளிடம் போட்டிருக்கிறாயே அம்மா என்பார்கள். காய்ச்சலில் வேர்க்காமல் கிடப்பவளை நீ ஒழுங்காக வேலை செய்யவில்லை, செய்திருந்தால் வேர்த்திருக்குமே என்பார்கள். குப்பியைத் தூக்கிப் பார்த்து அளவு சொல்வார்கள். அங்கிருந்து துணிக்கடைக்கு எவ்வளவு தூரம், பேருந்தில் போகிற தூரம்தான். அவளுக்குப் பயமாக இருந்தது, வெறும் பயம். வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்கவும் கூடாது.

கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தபோது கூடத்தின் கடைசியில் அக்கா நிற்பது தெரிந்தது. வருகிறேன் என்று சொல்லியிருந்தாள், ஆனால் அரைநாள் லீவு கிடைக்கும் என்று இவள் நம்பவில்லை. கடைச் சீருடையான அந்த நாவல்பழ நிறப் புடவையோடேயே வந்திருந்தாள், பக்கத்தில் நாலு நாற்காலி காலியாகக் கிடந்தது, அக்கா நின்றுகொண்டிருந்தாள். உட்காருக்கா. உடம்பு பேசாது. உட்காரேன் அக்கா, அது உட்காருவதற்குத்தான் போட்டிருக்கிறது, எவனும் வந்து கேட்க மாட்டான். அக்கா இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு, வாடிக்கையாளர் யாராவது ஏதாவது கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கத் தயார் என்பது போல நின்றாள். கடையில் இப்போது உட்கார முக்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்து முக்காலியும் வந்துவிட்டது, அதன் மேல் புடவைப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்களாம், அதையும் அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள், அந்தச் சிரிப்பைக் கேட்டால் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாளாவது திட்டித் தொலையேன் அக்கா என்று போன தீபாவளிக்குக் கத்தினாள். ஏளா, யாரத் திட்ட என்று கேட்டாள் அக்கா, நிஜமாகவே பட்டியல் கேட்கிறவள் போல. இப்போது அக்கா மெல்ல மெல்ல முன்னால் வந்து கொண்டிருந்தாள். பலகைகளை ஒவ்வொன்றாக வாய் அசைத்துப் படித்தாள். வசவு தைத்தது அக்காவுக்காகத்தான், படிக்கட்டும், படித்துவிட்டு அவளுக்காவது புரியட்டும், அவளுக்காவது வயிறு எரியட்டும். அக்கா கூண்டுக்கு அருகில் வந்து இவள் இடுப்புக்குப்பியையே பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அக்காவின் முகம் மலர்ந்தது. பொம்மை பார்த்த குழந்தை மாதிரிக்கூட இல்லை, நல்ல சேதி கேட்டவள் மாதிரி மலர்ந்தது. அவள் பக்கத்தில் நின்ற வைத்தீஸ்வரனைப் பார்த்து, கடையில் கேட்கிற அதே அடங்கின குரலில் கேட்டாள். "சார், இது துணிக்கடைக்கும் வருமா?"

வரும்மா, எல்லா இடத்துக்கும் வரும் என்றார் வைத்தீஸ்வரன், பரிவோடு. அக்கா தலையை ஆட்டினாள். இசக்கியம்மாளுக்குக் காதில் வேறெதுவும் விழவில்லை, அவளுடைய நெஞ்சே கூடமெங்கும் மத்தளம் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஆசைப்படுகிறாள். தண்ணீர் கொடு என்று கேட்கத் தெரியாதவள், கக்கூசுக்குப் போக விடு என்று கேட்கத் தெரியாதவள், தன் வேர்வையைத் தனக்கே ஊற்றுகிற சனியனைப் பார்த்து வருமா என்று கேட்கிறாள். இந்த நல்ல மனிதர் போய்ச் சொல்வார், தொழிலாளர்களே விரும்பிக் கேட்கிறார்கள் என்று, அது பொய்யும் இல்லை. அட்டையில் செய்திருக்கலாமே பாவி. வேலை செய்யாத ஒன்றைச் செய்து வைத்திருந்தால் எவனும் சீந்தியிருக்க மாட்டானே, வேலை செய்கிற மாதிரி, நாற்றமில்லாமல், தோல் வேகாமல், அழகாகச் செய்து தொலைத்தாயே. வேலை செய்யாத ஒன்று. வேலை செய்யாத ஒன்று. நினைப்பு அங்கேயே நின்றது, சுற்றவில்லை. மணி அடித்தது, நிரஞ்சன் கூண்டைத் திறந்தான், வெளியே இருந்த குளிர் முகத்தில் அறைந்தது.

நிரஞ்சன் குப்பியைக் கழற்றி டம்ளரில் ஊற்றி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். தெளிவான தண்ணீர், அவ்வளவு தெளிவாக ஒருநாளும் வந்ததில்லை. இன்றைக்கு இசா குடிக்கப் போவதில்லை, முதல் தடவையாக ஒரு விருந்தினர் குடிக்கப் போகிறார் என்றான், வைத்தீஸ்வரன் வெட்கத்தோடு கையை நீட்டினார், கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். குடிச்சுராதீங்க சார் என்றாள் அவள். உடம்பு பேசிவிட்டது. நெஞ்சில் மைக் அப்படியே இருந்ததால் அவள் சொன்னது சுவரெல்லாம் எதிரொலித்தது. "இது வேலை செய்யாது. அது கேன் தண்ணி. முதுகுத் தகட்டுக்கு உள்ள ஒளிச்சு நான்தான் ரொப்பிட்டு வருவேன். வேர்வையிலேர்ந்து ஒரு சொட்டுகூட வராது. ஆரம்பத்திலேர்ந்தே ஏமாத்துதான்." அவ்வளவும் பொய். எட்டு மாதத்தில் அவள் சொன்ன ஒரே பொய், சொல்லச் சொல்ல நாக்குக்கு அது இனித்தது. நிரஞ்சனின் முகம் வெளுத்தது, இசா என்ன உளறுற என்றான், அவள் அவனைப் பார்த்து, எனக்கு மட்டும்தான் தெரியும் நிரஞ்சன், உன்கிட்டயும் மறைச்சுட்டேன் என்றாள், சவ்வின் பக்குவம் அவனுக்குத் தெரியாது, எதை வைத்து மறுப்பான். யாரோ த்சு என்றார்கள். ஒருத்தி அப்போதே கைப்பேசியில் எழுத ஆரம்பித்துவிட்டாள், நாளைக்குள் ஊர் முழுக்கத் தெரியும், இனி ஒரு கல்லூரியும் கூப்பிடாது, ஒரு கண்காட்சியும் கதவைத் திறக்காது, ஏழு வருடம் போயிற்று. வைத்தீஸ்வரன் டம்ளரை மேஜையில் மெதுவாக வைத்தார். பரவாயில்லைம்மா, உண்மையைச் சொன்னீங்களே என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு நடந்தார். நிரஞ்சன் அவர் பின்னாலேயே ஓடினான்.

கூடம் காலியாயிற்று. அக்கா மட்டும் நின்றாள். இசக்கியம்மாள் மைக்கைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள், உடுப்பு இன்னும் உடம்பில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அக்கா குனிந்து தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள், கழுத்தைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே தணிந்த குரலில், "நான் பாத்துக்கிட்டுதான ளா இருந்தேன். நீ வேர்க்க வேர்க்கச் சொட்டுச் சொட்டா விழுந்துச்சே" என்றாள். ஆமாக்கா என்றாள் இவள். பின்ன என்னத்துக்கு இல்லன்ன என்று கேட்டாள் அக்கா, கோபமில்லாமல், ஏதோ புடவைக்கு விலை தப்பாகச் சொல்லிவிட்ட சின்னப் பெண்ணிடம் கேட்பது போல. கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே, எனக்கு ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன் என்றாள். அந்தச் சிரிப்பில் இசக்கியம்மாளுக்கு ஆத்திரம் உச்சந்தலை வரை ஏறியது. அக்காவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "தண்ணி கேளுக்கா! அவனுகட்ட போயி தண்ணி கேளு. கக்கூசுக்குப் போவணும்னு சத்தமா கேளு. இந்தக் கருமத்தக் கேக்காத!" குரல் காலிக் கூடத்தில் முட்டித் திரும்பியது. அக்கா சட்டென்று நிமிர்ந்து முதலில் வாசல் பக்கம் பார்த்தாள், பிறகு பின்னால் பார்த்தாள், யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று.